ஒரு ஏக்கர் கனவு அப்புறம்... இந்த ஆடிக்கு அஞ்சு பை! பட்டம் பார்த்து வீட்டுத்தோட்டம் போடுவது எப்படி?

2024 டிசம்பர் 2-ம் தேதி காலை எட்டரை மணியோடு முடிந்த 24 மணி நேரத்தில் ஊத்தங்கரையில் பெய்த மழை 50.3 சென்டிமீட்டர். கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு ஒரு வருஷம் முழுக்கக் கிடைக்கும் சராசரி மழையே சுமார் 85 சென்டிமீட்டர்தான். பாதி வருஷத்துக்கும் மேலான மழை ஒரே நாளில் கொட்டித் தீர்த்துவிட்டது. ஃபெஞ்சல் புயல் கரையைக் கடந்ததென்னவோ புதுச்சேரி பக்கம். ஆனால் கடலையே பார்க்காத ஊத்தங்கரையில் ஏரி நிரம்பி வழிந்து, ரோட்டோரம் நிறுத்தியிருந்த வேன்களும் கார்களும் பொம்மை மாதிரி உருண்டு போன வீடியோ உங்கள் வாட்ஸ்அப்புக்கும் வந்திருக்கும்.

அந்த ஊத்தங்கரை வட்டத்தில், ஜவ்வாது மலையைப் பார்த்தபடி திருவண்ணாமலை சாலையில் இருப்பது சிங்காரப்பேட்டை. மாவட்டத்தின் ஒரு மூலை இது என்றால், எதிர் மூலையில் சுமார் நூறு கிலோமீட்டர் தள்ளி ஓசூர். ஒருபக்கம் மா, தென்னை, நெல். இன்னொரு பக்கம் சிப்காட், கம்பெனி பஸ், மூன்று ஷிஃப்ட். இடையில் பர்கூர், போச்சம்பள்ளி பக்கமும் தொழிற்சாலைகள் வந்துவிட்டதால், தோட்டம் இருக்கிற வீட்டிலிருந்தே ஷிஃப்டுக்குப் போகிற தலைமுறை ஒன்று இங்கே உருவாகியிருக்கிறது.

இப்போது கேள்வி இதுதான். ஒரே நாளில் அரை வருஷ மழை பெய்கிற காலத்தில், ‘இந்த மாசம் இதை விதை, அந்த மாசம் அதை அறுவடை பண்ணு’ என்று தோட்டத்துக்கு பிளான் போடுவதில் ஏதாவது அர்த்தம் இருக்கிறதா?

இருக்கிறது. நாம் நினைக்கிற மாதிரி பிளான் அல்ல, அவ்வளவுதான்.

முதலில் அந்த ஒரு ஏக்கர் கனவு

ஓசூர், கிருஷ்ணகிரி பக்கம் எந்த கேன்டீனில் உட்கார்ந்தாலும் ஒரு டயலாக் காதில் விழும். “நாப்பது வயசுல ரிசைன் பண்ணிட்டு, ஒரு ஏக்கர் வாங்கி செட்டில் ஆகிடணும் மச்சான்.” நாட்டுக்கோழி, நாலு மாமரம், ஒரு கிணறு, கயிற்றுக் கட்டில். ரீல்ஸில் பார்த்த வாழ்க்கை. நெடுஞ்சாலை ஓரத்து விளம்பரப் பலகைகளும் இதையேதான் விற்கின்றன: கால் ஏக்கர் உங்களுக்கு, பராமரிப்பு எங்களுக்கு, இஎம்ஐ வசதி உண்டு.

இந்தப் பலகைகள் தமிழ்நாட்டு எல்லைக்குள் இவ்வளவு நெருக்கமாக நிற்பதற்குப் பின்னால் ஒரு சட்டக் கதையும் உண்டு. கர்நாடகாவில், விவசாயம் அல்லாத வருமானம் குறிப்பிட்ட அளவுக்கு மேல் இருப்பவர்கள் விளைநிலம் வாங்க நில சீர்திருத்தச் சட்டத்தின் 79ஏ, 79பி பிரிவுகள் பல வருஷங்கள் தடை போட்டிருந்தன. 2020-ல்தான் அந்தப் பிரிவுகள் நீக்கப்பட்டன. தமிழ்நாட்டில் அப்படியொரு தடை இல்லை. பெங்களூருவில் சம்பளம், ஓசூர் தாண்டி நிலம் என்ற கணக்கு அப்படித்தான் சூடுபிடித்தது.

நிலம் வாங்குவது தப்பில்லை. பட்டா, வில்லங்கச் சான்று, கிணறு அல்லது போரில் ஏப்ரல் மாதம் எவ்வளவு தண்ணீர் நிற்கிறது என்ற மூன்றையும் பார்த்து வாங்கினால் சந்தோஷம். மூன்றாவதைத்தான் யாரும் பார்ப்பதில்லை. நவம்பரில் போய்ப் பார்த்தால் எல்லா நிலமும் பச்சையாகத்தான் இருக்கும்.

சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. இருபத்தாறு வயதில் ஒருவர், நாற்பது வயதில் தான் வாழப்போகிற வாழ்க்கைக்கு இஎம்ஐ கட்டுகிறார். அந்த இஎம்ஐக்காக ஓவர்டைம் பார்க்கிறார். இடையில் இருக்கிற பதினாலு வருஷத்தில் ஒரு தக்காளிச் செடிக்கும் அவர் தண்ணீர் ஊற்றியிருக்க மாட்டார். மண்ணைத் தொடாமல் பதினாலு வருஷம் கழித்து ஒரு ஏக்கரில் இறங்குபவருக்கு வெள்ளை ஈ என்றால் என்ன, மாவுப்பூச்சி என்றால் என்ன என்பதே அன்றைக்குத்தான் தெரியவரும். ஒரு ஏக்கர் அளவுக்கு!

அதனால் இந்தக் கட்டுரை ஒரு ஏக்கரைப் பற்றியதல்ல. வாடகை வீட்டு மாடியில், லைன் வீட்டு வாசலில், ஊரில் இருக்கும் கொல்லைப்புறத்தில் இந்த ஆடியில் தொடங்கக்கூடிய அஞ்சு பையைப் பற்றியது.

பட்டம் என்பது தேதியா?

‘ஆடிப்பட்டம் தேடி விதை’ என்பதைக் கேட்காதவர்கள் இருக்க முடியாது. அந்த வரியில் ‘தேடி’ என்ற சொல்லைத்தான் நாம் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். ஆடி 1, அதாவது ஜூலை நடுவில், காலண்டர் தாளைக் கிழித்ததும் விதை போடு என்று அது சொல்லவில்லை. மழை, ஈரம், காற்று எல்லாம் கூடி வருகிற நாளைத் தேடிக் கண்டுபிடி என்கிறது.

பட்டம் என்பது ஒரு நாள் அல்ல, ஒரு கதவு. சில வாரங்கள் திறந்திருக்கும், அப்புறம் மூடிக்கொள்ளும். ஆடிப்பட்டத்தைத் தவறவிட்டால் புரட்டாசிப் பட்டம். அதுவும் போனால் கார்த்திகை, பிறகு தைப்பட்டம், மாசி, சித்திரை. இதை ஒரு அட்டவணை என்று பார்த்தால் போரடிக்கும். வருஷத்தில் அஞ்சாறு தடவை திரும்பத் திரும்பக் கிடைக்கிற வாய்ப்பு என்று பார்த்தால் விஷயமே வேறு. மழை ஏமாற்றும் என்று தெரிந்த மக்கள் உருவாக்கி வைத்த ஏற்பாடு இது. ஒரே விதைப்பில் மொத்தத்தையும் பந்தயம் கட்டாதே என்பதுதான் அதன் உள்ளடக்கம்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கு இதில் ஒரு சலுகையும் உண்டு. கடலோர மாவட்டங்கள் வடகிழக்குப் பருவமழையை நம்பி ஐப்பசிக்காகக் காத்திருக்க வேண்டும். இங்கே தென்மேற்குப் பருவமழையே வருஷ மழையில் கிட்டத்தட்ட பாதியைக் கொடுத்துவிடும். மீதியில் பெரும்பங்கு வடகிழக்கு. நடுவில் ஏப்ரல், மே மாதங்களில் மாங்காயை உதிர்த்துவிட்டுப் போகிற கோடை மழை வேறு. அதனால் ஆடி விதைப்பு இங்கே மற்ற பல ஊர்களைவிட நம்பிக்கையான பந்தயம்.

ஆனால் மாவட்டம் ஒன்றுதான் என்பதற்காக ஓசூர்க்காரரின் யூடியூப் சேனலைப் பார்த்து சிங்காரப்பேட்டையில் விதைக்கக் கூடாது. ஓசூர் கடல்மட்டத்திலிருந்து சுமார் 900 மீட்டர் உயரம். ஊத்தங்கரைப் பக்கம் ஏறக்குறைய அதில் பாதிதான். ஓசூர், தளி பக்கம் பீன்ஸ், முட்டைகோஸ், காலிஃபிளவர், ரோஜா எல்லாம் சர்வசாதாரணம். அதே முட்டைகோஸை சிங்காரப்பேட்டை மாடியில் மாசி மாதம் வைத்துவிட்டு, ‘ஏன் உருண்டை கட்டவே இல்லை?’ என்று கேட்டால் பதில் செடியிடம் இல்லை, வெயிலிடம் இருக்கிறது. குளிர்காலக் காய்களை ஆசைக்கு முயற்சி செய்ய வேண்டுமானால் புரட்டாசி, ஐப்பசியில் நாற்று விட்டு மார்கழிக் குளிரைப் பிடிக்க வேண்டும். முள்ளங்கியும் நூக்கோலும் கொஞ்சம் ஒத்துழைக்கும். கேரட் எல்லாம் வேண்டாமே!

அவரை ஏன் ஆடியையே கேட்கிறது?

‘பழைய ஆளுங்க ஏதோ சொல்லி வெச்சிருக்காங்க’ என்று நினைக்கிறவர்களுக்கு ஒரே ஒரு காய் போதும். பந்தல் அவரை.

நாட்டு அவரையை ஆடியில் விதைத்தால் ஆவணி, புரட்டாசி முழுக்க கொடி வீசிக்கொண்டே இருக்கும். பூ கிடையாது. புதிதாக வைத்தவர்கள் பதறிப்போய் உரமாகக் கொட்டுவார்கள். ஐப்பசி, கார்த்திகையில் திடீரென்று பூங்கொத்து வெடிக்கும். மார்கழி, தையில் கை வலிக்கப் பறிக்கலாம். அதே விதையைத் தையில் போட்டுப் பாருங்கள். இலை, இலை, மேலும் இலை.

காரணம், அவரை இருட்டை அளக்கிறது. நாட்டு ரகங்கள் ‘குறும்பகல்’ தாவரங்கள். இரவு நீள ஆரம்பித்தால்தான் பூக்கச் சொல்லி உள்ளுக்குள் சிக்னல் போகும். நம் பகுதியில் ஜூன் மாத நீண்ட பகலுக்கும் டிசம்பர் மாதக் குறுகிய பகலுக்கும் வித்தியாசம் ஏறக்குறைய ஒன்றரை மணி நேரம்தான். நமக்கு அது தெரிவதுகூட இல்லை, கொடிக்குத் தெரிகிறது. ஆடியில் விதைத்தால், கொடி பந்தல் ஏறி உடம்பைத் தேற்றிக்கொள்ளவும் இரவு நீளவும் சரியாக இருக்கும். பட்டம் என்ற வார்த்தைக்குப் பின்னால் இப்படி ஒரு கடிகாரம் ஓடிக்கொண்டிருக்கிறது.

எல்லைக்கு அந்தப் பக்கமும் இதே கடிகாரம்தான். ஜனவரி வந்தால் பெங்களூருவில் தெருவுக்குத் தெரு அவரேகாய் குவிவதும், அதற்கென்றே ‘அவரேபேளே மேளா’ நடப்பதும், விளைகிற காலம் அது என்பதால்தான். நம் பக்கம் மானாவாரி நிலத்தில் கேழ்வரகுக்கு நடுவே மொச்சையை வரிசை விட்டு விதைக்கும் பழக்கமும் இதே கணக்கில் வருவது.

ஒரு சின்ன டிப்ஸ். தெருவிளக்கு நேராக விழுகிற இடத்தில் பந்தல் அவரையை வைக்காதீர்கள். ராத்திரி வெளிச்சம் அதன் கணக்கைக் குழப்பிவிடலாம். மாடியில் அப்படிப்பட்ட மூலைதான் இருக்கிறது என்றால், பகல் நீளத்தைக் கண்டுகொள்ளாத செடி அவரை ரகங்களைக் கோவை வேளாண் பல்கலைக்கழகம் வெளியிட்டிருக்கிறது, அவற்றைத் தேடி வாங்குங்கள். பந்தலும் தேவைப்படாது.

சரி, அஞ்சு பையில் என்னென்ன?

விதையிலிருந்து தொடங்குவோம். 2021 டிசம்பரில் தொடங்கப்பட்ட ‘முதலமைச்சரின் ஊட்டம் தரும் காய்கறித் தோட்டத் திட்ட’த்தில் 12 வகைக் காய்கறி விதைகள் அடங்கிய தொகுப்பை 15 ரூபாய்க்கும், பை, நார்க்கழிவு, விதை, உயிர் உரம் எல்லாம் சேர்ந்த மாடித்தோட்டத் தொகுப்பை மானியம் போக 225 ரூபாய்க்கும் தோட்டக்கலைத் துறை கொடுத்தது. இப்போது என்ன கிடைக்கிறது, என்ன விலை என்பதை வட்டாரத் தோட்டக்கலை அலுவலகத்தில் ஒரு எட்டு கேட்டுவிடலாம். அரசாணைத் தமிழில் இந்தத் தொகுப்புக்குப் பெயர் ‘தளை’. தளை என்றால் கை விலங்கு என்றும் ஒரு அர்த்தம் உண்டு. தோட்டம் வைத்த பிறகு ரெண்டு நாள் லீவ் போட்டு ஊர் சுற்ற முடியாது என்பதைத் துறை முன்கூட்டியே சொல்லிவிட்டது போல!

மண் கலவைக்கு செம்மண் இரண்டு பங்கு, நன்றாக மக்கிய தொழுவுரம் ஒரு பங்கு, கழுவிய தேங்காய் நார்க்கழிவு ஒரு பங்கு, ஒரு பிடி வேப்பம் புண்ணாக்கு. கழுவிய என்பதை அடிக்கோடு போட்டுக்கொள்ளுங்கள். நார்க்கழிவில் உப்பு தங்கியிருக்கும். கலவையை லேசாக நனைத்து ஒரு பத்து நாள் அப்படியே விட்டுவிட்டு அப்புறம் விதையுங்கள். பையைத் தரையில் நேராக வைக்காமல் இரண்டு செங்கல் மேல் தூக்கி வையுங்கள். தண்ணீர் வடியும், தளம் காயும், ஹவுஸ் ஓனரும் அமைதியாக இருப்பார்.

முதல் பை, கீரை. அரைக்கீரை, சிறுகீரை, முளைக்கீரை, எதுவானாலும் சரி. மூன்றரை வாரத்தில் சட்டிக்கு வந்துவிடும். புதிதாகத் தொடங்குபவருக்குக் கீரையைவிட நல்ல வாத்தியார் கிடையாது. தப்பு செய்தாலும் 25 நாளில் அடுத்த சான்ஸ். இங்கே ஒரே ஒரு விதி: பாக்கெட்டை மொத்தமாகக் கொட்டாதீர்கள். மூன்றாகப் பிரித்து, பத்து நாளைக்கு ஒருமுறை பையின் மூன்றில் ஒரு பகுதியில் தூவுங்கள். ஒரு கனமழை ஒரு பகுதியை அடித்துக்கொண்டு போனாலும் மற்றது நிற்கும். எல்லாக் கீரையும் ஒரே நாளில் முற்றி, அக்கம்பக்கத்து வீடுகளுக்கெல்லாம் கட்டாயக் கீரை சப்ளை செய்கிற நிலைமையும் வராது.

இரண்டாவது, வெண்டை. 45 நாளில் முதல் காய். ஆனால் கணக்கு சொல்லிவிடுகிறேன். பைக்கு இரண்டு செடி வைத்தால் ஒரு நாளைக்கு ஒன்றோ இரண்டோ காய்தான். நாலு பேர் வீட்டுக்குப் பொரியல் செய்ய பத்துச் செடியாவது வேண்டும். அதனால் ஒரு பை வெண்டையைப் பொரியலுக்கு நம்பாமல் சாம்பாருக்கு நம்புங்கள். இலை நரம்பு மஞ்சளாக மாறினால் அது வெள்ளை ஈ பரப்புகிற வைரஸ். அந்தச் செடியைப் பிடுங்கி அப்புறப்படுத்துவதுதான் மருந்து. மனசு கேட்காது, ஆனாலும் பிடுங்க வேண்டும்.

மூன்றாவது, கத்தரி அல்லது மிளகாய். விதை போட்டு 30 நாள் காத்திருப்பதற்குப் பதில், பக்கத்து நர்சரியில் நாற்றாகவே வாங்கிவிடலாம். நன்றாகப் பார்த்துக்கொண்டால் கத்தரி ஒரு சுற்று காய்த்து ஓய்ந்த பிறகும், வெட்டிவிட்டுத் தொழுவுரம் வைத்தால் மறுபடி துளிர்த்துக் காய்க்கும். ‘தக்காளி எங்கே?’ என்று கேட்பீர்கள். 2023 ஜூலையில் கிலோ நூறு ரூபாயைத் தாண்டியதிலிருந்து எல்லோரும் முதலில் கேட்பது தக்காளிதான். ராயக்கோட்டை மண்டி இருக்கிற மாவட்டத்திலேயே இந்த நிலைமை! வையுங்கள். ஆனால் முதல் வருஷம் அது உங்களை அழவைக்கும் என்பது என் கருத்து. அதற்கு வராத நோய் இல்லை.

நான்காவது, மேலே சொன்ன பந்தல் அவரை. ‘ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்’ என்பது மாடித்தோட்டக்காரர்களுக்கு உவமையே அல்ல, உண்மைச் செய்தி. பந்தலை விதைத்த அன்றே கட்டாமல், காற்று தணிகிற ஆவணிக்குத் தள்ளிப்போடலாம். அதுவரை ஒரு குச்சி போதும்.

ஐந்தாவது பையில் எதையும் விதைக்காதீர்கள்.

ஆமாம், காலி. மண் கலந்து, ஈரமாக, மேலே காய்ந்த இலை மூடாக்கு போட்டுத் தயாராக வைத்திருங்கள். எந்தத் தோட்டக்கலைக் கையேட்டிலும் இப்படி இருக்காது. ஆனால் இந்தக் காலத்து மழைக்கு பிளான் போடுவதென்றால் எதை, எப்போது, எங்கே என்று மூன்று கட்டத்தையும் நிரப்புவது அல்ல, ஒரு கட்டத்தைக் காலியாக விடுவதுதான். இந்தப் பை ஏன் என்பதற்குக் கடைசியில் வருகிறேன்.

விதைக்கும் முன்னால் ஒரு டெஸ்ட். பத்து விதைகளை ஈரத்துணியில் சுற்றி வையுங்கள். ஒரு வாரத்தில் ஏழெட்டு முளைத்தால் நல்ல விதை. நாலுதான் முளைத்தது என்றால் இரண்டு மடங்கு போட வேண்டும். இதே ஆடியில் அம்மன் கோயில்களுக்கு முளைப்பாரி எடுக்கிறார்களே, அதையும் விதைப் பரிசோதனை என்றே பார்க்கிறவர்கள் உண்டு. வீட்டில் இருக்கிற தானியம் எவ்வளவு வீரியமாக முளைக்கிறது என்பது ஊருக்கே தெரிந்துவிடுகிறதே.

நைட் ஷிஃப்ட் போகிறவருக்கு இது சாத்தியமா?

சாத்தியம். ஒரு நாளைக்குப் பத்து நிமிஷம். அந்தப் பத்து நிமிஷம் எப்படிப்பட்டது என்பதில்தான் விஷயம்.

‘காலை 7 மணிக்குத் தண்ணீர் ஊற்று’ என்று போனில் அலாரம் வைக்கலாம். ஆனால் ராத்திரி தூறியிருந்தால்? பையில் ஏற்கெனவே ஈரம் இருந்தால்? மாடித்தோட்டத்தில் தண்ணீர் இல்லாமல் சாகிற செடியைப் போலவே, பாசத்தில் ஊற்றிய தண்ணீரால் சாகிற செடியும் நிறைய. அலாரத்துக்குத் தெரியாத ஒன்று ஆள்காட்டி விரலுக்குத் தெரியும். விரலை மண்ணுக்குள் இரண்டு கணு ஆழம் விட்டுப் பாருங்கள். ஈரம் ஒட்டினால் இன்றைக்கு வேண்டாம். அவ்வளவுதான் டெக்னாலஜி.

பிறகு இலையைத் திருப்பிப் பாருங்கள். பூச்சி எப்போதும் அடியில்தான் குடியிருக்கும். மாவுப்பூச்சி நாலு இருக்கும்போதே பார்த்துவிட்டால் பழைய டூத்பிரஷ் போதும். நாற்பதாகும்போது ஒரு லிட்டர் தண்ணீரில் 5 மில்லி வேப்ப எண்ணெய், கொஞ்சம் சோப்புக் கரைசல், வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு. நானூறாகும்போது செடியே குப்பைக்கு. இந்த மூன்றுக்கும் இடையில் இருக்கிற தூரம், நீங்கள் பார்க்காமல் விட்ட சில நாட்கள்தான்.

மைண்ட்ஃபுல்னெஸ் ஆப்புக்குச் சந்தா கட்டி, கண்ணை மூடி, ‘இந்த நொடியில் இருங்கள்’ என்று ஒரு குரல் சொல்லக் கேட்கிறோம். இலையைத் திருப்புகிற வேலை அதைக் கண்ணைத் திறந்துகொண்டே செய்ய வைக்கிறது. நேற்றைய பூச்சியையும் நாளைய பூச்சியையும் பார்க்க முடியாது, இன்றைக்கு இருப்பதைத்தான் பார்க்க முடியும். நெதர்லாந்தில் நடந்த, 2011-ல் வெளியான ஓர் ஆய்வில் 30 பேருக்கு முதலில் மனஅழுத்தம் தரும் ஒரு வேலையைக் கொடுத்தார்கள். பிறகு ஒரு குழுவை 30 நிமிஷம் தோட்டவேலையிலும், இன்னொரு குழுவை வீட்டுக்குள் புத்தகம் படிக்கவும் விட்டார்கள். இரு குழுவிலும் கார்டிசால் குறைந்தது, தோட்டக் குழுவில் அதிகமாகக் குறைந்தது. சின்ன ஆய்வுதான். ஆனால் நைட் ஷிஃப்ட் முடிந்து வந்து, போனைப் பார்த்தபடியே தூக்கத்தைத் தொலைக்கிறவர்களுக்கு முயன்று பார்க்கச் செலவில்லாத விஷயம்.

‘இயற்கையோடு வாழ்வது’ பற்றிப் பேசினால் உலகம் முழுக்க வந்து நிற்கிற பெயர் அமெரிக்காவின் ஹென்றி டேவிட் தோரோ. 1845 ஜூலையில், 27 வயதில், வால்டன் குளக்கரையில் தானே கட்டிய சின்ன மரவீட்டில் குடியேறினார். நிலம் அவருடையதுகூட அல்ல, நண்பர் எமர்சனுடையது. சுமார் இரண்டரை ஏக்கரில் பெரும்பாலும் பீன்ஸ். முதல் வருஷ லாபமாக அவரே எழுதி வைத்த கணக்கு 8 டாலர் 71 சென்ட் சொச்சம். இரண்டு வருஷம், இரண்டு மாதத்தில் கிளம்பியும் விட்டார். ஊருக்குள் இருந்த அம்மா வீட்டுக்கு அடிக்கடி நடந்து போய் வந்தவர் என்று சொல்லி அவரைக் கலாய்ப்பவர்கள் இன்றும் உண்டு. எனக்கென்னவோ அதுதான் அவரிடம் பிடித்த பகுதி. இரவல் நிலம், பக்கத்திலேயே ஊர், இரண்டு வருஷம். அவர் சொந்த நிலம் வாங்கும் வரை காத்திருக்கவில்லை.

முழுசாக இறங்கியவர்களும் நம் மாவட்டத்திலேயே இருக்கிறார்கள். தளி அருகே கும்ளாபுரம் பக்கம், கர்நாடக எல்லையில் காட்டை ஒட்டி 1990-களில் உருவானது ‘நவதர்சனம்’ என்ற அறக்கட்டளை. நகர வாழ்க்கையிலிருந்து வந்தவர்கள் மண் கட்டிடங்கள், சூரிய மின்சாரம் என்று வாழ்ந்து பார்க்கிற இடம். யானை நடமாடும் பகுதி அது. நிலத்தை முழுக்க உழுது பயிரிடாமல், பெரும்பகுதியை மறுபடி காடாக வளர விட்டிருக்கிறார்கள். ஹோம்ஸ்டெட் என்றாலே ஒவ்வொரு சென்ட்டிலும் எதையாவது விளைவிக்க வேண்டும் என்று நினைப்பவர்களுக்கு இது கொஞ்சம் யோசிக்க வேண்டிய விஷயம். நிலம் என்ன சொல்கிறது என்று பார்த்துவிட்டு பிளானை மாற்றிக்கொள்வதும் விவசாயம்தான்.

50 சென்டிமீட்டர் கொட்டினால் என்ன செய்வது?

ஒரு சதுர மீட்டரில் 1 மில்லிமீட்டர் மழை என்றால் 1 லிட்டர் தண்ணீர். அப்படியானால் 500 சதுர அடி மாடியில், 2024 டிசம்பர் மழை மட்டும் சுமார் 23,000 லிட்டர். பெரிய தண்ணீர் லாரி இரண்டு அளவு. எந்தப் பையும் இதற்குத் தாங்காது. வேரடியில் இருந்த காற்றை எல்லாம் தண்ணீர் துரத்திவிடும், வேர் மூச்சு முட்டி அழுகும்.

அப்படி ஒரு மழை அடித்தால், முதல் வேலை மாடி வடிகால் துளையில் அடைத்திருக்கும் இலையை எடுப்பது. இரண்டாவது, பைகளின் அடித்துளை திறந்திருக்கிறதா என்று குச்சி விட்டுப் பார்ப்பது. உரம் வைக்கக் கூடாது. காய்ந்த மாதிரி வாடி நின்றாலும் தண்ணீர் ஊற்றக் கூடாது, அது தாகம் இல்லை, மூச்சுத்திணறல். மேல்மண் காய்ந்ததும் லேசாகக் கிளறிக் கொடுங்கள். நாலைந்து நாளில் துளிர் தெரியாத செடி போய்விட்டது என்று அர்த்தம்.

இப்போது அந்தக் காலிப் பை. மற்ற பைகளைத் தேற்றுவதா, தூக்கிப்போடுவதா என்று நீங்கள் முடிவெடுக்க முடியாமல் நிற்கிற வாரத்தில், மூடாக்கோடு தயாராக இருக்கிற ஒரே மண் அதுதான். 2024-ல் அந்த மழைக்குப் பத்து நாள் கழித்து, டிசம்பர் 12-ம் தேதி அந்தப் பையில் சிறுகீரை தூவியிருந்தால், பொங்கலுக்கு முன்னாடியே கடைந்திருக்கலாம். மழையே பெய்யவில்லை என்றாலும் காலிப் பை வீணில்லை. புரட்டாசியில் முள்ளங்கி போடலாம். தையில் வெள்ளரி போடலாம். எந்த மாதம் உங்களுக்குக் கைகொடுக்கிறதோ அந்த மாதம்.

வெயிலுக்கும் இதே பொறுமை வேண்டும். மே 4 முதல் 28 வரை அக்னி நட்சத்திரம். ஐம்பது சதவீதப் பச்சை நிழல்வலை இருந்தால் கத்தரி, மிளகாயைக் காப்பாற்றலாம். இல்லையென்றால் பைகளுக்கு லீவ் விடுங்கள். மண்ணைக் கொட்டி வெயிலில் நன்றாகக் காய வையுங்கள், பூஞ்சையும் பூச்சி முட்டையும் கொஞ்சம் அடங்கும். கோடை மழை ஒன்று கிடைத்ததும் தக்கைப்பூண்டோ சணப்பையோ விதைத்து, பூ எடுக்கும் முன்னால் அந்த மண்ணிலேயே மடக்கிவிட்டால் அடுத்த ஆடிக்கு உரம் தயார்.

இன்னொன்று. போனில் ஒரு நோட் ஓபன் பண்ணி, விதைத்த தேதி, முதல் பூ, பெரிய மழை என்று மூன்றை மட்டும் குறித்து வையுங்கள். அடுத்த வருஷம் உங்கள் மாடிக்கான பட்டத்தை யூடியூபில் தேட வேண்டியிருக்காது. அவரை முற்றியதும் பந்தலின் நடுப்பகுதியில் நாலு காயைப் பறிக்காமல் கொடியிலேயே காய விடுங்கள். உலுக்கினால் கலகலவென்று சத்தம் வரும்போது உடைத்து, சாம்பலில் புரட்டி, கண்ணாடி பாட்டிலில் தேதி எழுதி மூடி வையுங்கள். மாசி கடைசியில் அந்த வேலை வரும். இப்போதைக்கு நார்க்கழிவைக் கழுவி ஊற வையுங்கள், கலந்த பிறகு பத்து நாள் வேண்டும். ஆடி 18 ஆகஸ்ட் 3-ம் தேதி வாக்கில் வந்துவிடும்.